பேசாத வீட்டுப் பிள்ளை

மௌனப் படங்களுக்கு நம் ஊரில் ‘ஊமைப் படம்’ என்று பெயர். பேசும் படம் வந்த பிறகு அந்தப் பெயர் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அதில் கொஞ்சம் இரக்கமும் கொஞ்சம் இளக்காரமும் கலந்திருக்கின்றன. ‘பாவம், அதற்குப் பேச வராது’ என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வது போலத்தான் அந்தப் படங்களைப் பற்றியும் சொல்லுகிறோம். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு வந்து சேரும் வரையில் சினிமா ஏதோ திணறிக்கொண்டு கிடந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயத்தை மாற்றியவர் ஓர் அமெரிக்க நடிகர். லான் சேனி என்று பெயர். ‘ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதர்’ என்று அந்தக் காலத்து விளம்பரக்காரர்கள் அவரைச் சொன்னார்கள். அவருடைய ‘ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா’ என்ற படத்தை ஒரு நாள் இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பார்த்தேன். யாரோ பிற்காலத்தில் அதற்குப் பின்னணி சங்கீதம் சேர்த்திருந்தார்கள். தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று ஒலியை முழுவதும் அடைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. படம் முடிந்த பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நேரமும் எதுவும் குறைந்ததாக நான் உணரவே இல்லையே! அந்த மனிதர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பேச்சை அவர் எங்கே கற்றார் என்று தேடிப் போனபோது ஒரு குடும்பக் கதை கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் கொலராடோ இன்னும் ஒரு முழு மாகாணமாகக்கூட ஆகாத காலம். அங்கே கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு ஜோனதன் கென்னடி என்பவர் வந்து சேர்ந்தார். அவருடைய பிள்ளைகளில் சிலருக்குப் பிறவியிலிருந்தோ நோயினாலோ காது கேளாது. அந்தப் பிரதேசத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தகப்பனார் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1874-இல் ஒரு வாடகை வீட்டைப் பிடித்துத் தாமே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம்தான் வளர்ந்து பெரிதாகி, காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்குமான கொலராடோ பள்ளி என்ற பெயருடன் இன்றும் நடந்துவருகிறது.

கென்னடியின் மகள் எம்மா அங்கே படித்தவள். ஃபிராங்க் சேனி என்ற இளைஞரை அவள் மணந்துகொண்டாள். அவருக்கும் காது கேளாது. நாவிதத் தொழில் செய்துவந்தார். பேச்சில்லாமலே பழகிய தொழிலாளியிடம் ஊர் ஜனங்கள் மகிழ்ச்சியோடு போய்த் தலையைக் கொடுத்தார்கள். இந்தத் தம்பதிக்கு நான்கு குழந்தைகள். நால்வருக்கும் காது நன்றாகக் கேட்கும். இரண்டாவது பிள்ளை 1883 ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்தான். அவன்தான் லான்.

அந்த வீட்டைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். குழந்தை அழுதால் தாய்க்குக் கேட்காது. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அந்த வீட்டில் யாரும் யாரையும் பாராமல் பேச முடியாது. முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வது, அடுக்களையிலிருந்து கூப்பிடுவது, பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் ‘உம்’ கொட்டுவது, இவை ஒன்றும் அங்கே செல்லுபடியாகாது. கோபம் என்றாலும் கொஞ்சல் என்றாலும் முகமும் கைகளும் வந்து நேரே நிற்கவேண்டும். நாம் மழலையில் தாய்மொழியைக் கற்கிற வயதில் அந்தப் பிள்ளை விரல்களால் தன் தாய்மொழியைக் கற்றுக்கொண்டான்.

அவனுக்குப் பத்து வயது ஆகுமுன்பே தாயை வாத நோய் தாக்கிப் படுக்கையில் தள்ளிவிட்டது. நான்காம் வகுப்போடு அவனுடைய படிப்பு நின்றது. தாய்க்குப் பணிவிடை செய்யவும் தம்பி தங்கையைக் கவனிக்கவும் வீட்டோடு இருந்தான். வெளியே போய்விட்டு வந்தால் கடைத்தெருவில் என்ன நடந்தது, எதிர்வீட்டுக்காரர் எப்படி நடந்தார், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதையெல்லாம் படுக்கையருகே நின்று நடித்துக் காட்டுவான். நோயினால் தாயின் கைகள் விறைத்துப்போகப் போக, சைகையில்கூட அவளால் அதிகம் பேச முடியாது. மகன்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரே ஒரு ரசிகைக்காகத் தினமும் நடந்த அந்த நாடகத்துக்குக் கொட்டகை கிடையாது, சீட்டுக் கிடையாது. ஆனால் நடிப்புப் பள்ளி என்று ஒன்று அவருக்கு இருந்தது என்றால் அது அந்தப் படுக்கையறைதான்.

அண்ணன் ஊரிலுள்ள நாடக மேடையில் வேலை பார்த்தான். அவன் மூலமாக லானும் அங்கே சாமான்களை எடுத்து வைக்கும் பையனாக நுழைந்தான். பிறகு சில்லறை வேஷங்கள், அப்புறம் ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனிகள். பாட்டு, ஆட்டம், ஹாஸ்யம், திரை தூக்குவது, உடுப்புகளைக் கணக்குப் பார்ப்பது என்று எல்லா வேலையும் தெரியும். 1905-இல் தம்மோடு நடித்துக்கொண்டிருந்த கிளீவா என்ற பாடகியை மணந்தார். மறு வருஷம் கிரைட்டன் என்ற மகன் பிறந்தான்.

அந்த இல்வாழ்க்கை நன்றாக அமையவில்லை. அவளுக்குப் பாட்டில் பெயர் வந்துகொண்டிருந்தது. அவருக்கோ மேடை நிர்வாகமும் சில்லறை வேஷமும்தான். மனஸ்தாபம் முற்றிக்கொண்டே போயிற்று. 1913 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் வேலை செய்துகொண்டிருந்த நாடகக் கொட்டகைக்கே அவள் வந்து, பாதரச விஷத்தைக் குடித்துவிட்டாள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. பாடுகிறவளுக்குக் குரல் போனால் வேறு என்ன மிச்சம்? குற்றம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. கொட்டகை வட்டாரத்தில் அந்தச் சம்பவம் பெரிய அவதூறாகப் பரவி, மேடை வேலை அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. விவாகரத்தும் நடந்தது. பிள்ளை தகப்பனிடம் வந்தான். 1915-இல் ஹேஸல் என்ற பெண்ணை அவர் மறுமணம் செய்துகொண்டார். கடைசி வரையில் அந்த வாழ்க்கை நிம்மதியாகவே நடந்தது.

மேடை கதவைச் சாத்திவிட்டபோது திறந்திருந்த இடம் சினிமா ஒன்றுதான். அந்நாளில் நாடகக்காரர்கள் சினிமாவை மட்டமாக நினைத்தார்கள். குரலை எடுத்துவிட்டால் நடிகனிடம் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. குரலில்லாத வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்! யூனிவர்ஸல் கம்பெனியில் சேர்ந்தார். தினக்கூலி நடிகர்கள் காத்திருக்கும் இடத்தில் ஒப்பனைப் பெட்டியோடு அவரும் போய் உட்காருவார். மாலுமி வேண்டும் என்றால் மாலுமி. கிழவன் வேண்டும் என்றால் கிழவன். ஐந்து ஆண்டுகளில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டார். சம்பளத்தை வாரம் 125 டாலராக உயர்த்தும்படி கேட்டபோது, வாரம் 100 டாலருக்கு மேல் நீ ஒருநாளும் பெறமாட்டாய் என்று ஸ்டூடியோ நிர்வாகி சொன்னதாக ஒரு கதை உண்டு. எப்படியிருந்தாலும், 1918-க்குள் அவர் அங்கிருந்து வெளியேறிவிட்டார்.

மறு வருஷமே ‘தி மிராக்கிள் மேன்’ என்ற படம் வந்தது. மோசடிக்காரர்கள் நாலு பேர் ஒரு கிராமத்துப் பெரியவரைச் சாக்காக வைத்துப் பணம் பறிக்கத் திட்டம் போடுகிறார்கள். அவருக்குக் கண் தெரியாது; நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்று ஜனங்கள் நம்புகிறார்கள். நால்வரில் ஒருவன் கைகால் முறுக்கிக்கொண்ட முடவனாக வேஷம் போட்டுத் தரையில் ஊர்ந்து வந்து, பெரியவரின் முன்னிலையில் குணமாகிவிட்டதாக நடிக்கிறான். அந்த வேஷம் சேனிக்கு. முறுக்கிய அவயவங்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. மெல்ல நிமிர்ந்து நிற்கிறான். அந்தப் பொய்யைப் பார்த்துக்கொண்டிருந்த நிஜமான நொண்டிச் சிறுவன் ஒருவன் ஊன்றுகோல்களை எறிந்துவிட்டுப் பெரியவரிடம் ஓடுகிறான். அந்தப் படம் இன்று முழுமையாக இல்லை. ஆனால் இந்தக் காட்சி மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. பொய்யாக நடித்தவன் உண்மையான அற்புதத்தைக் கண்டு திகைத்துப்போகிற இடம் அது. நடிப்புக் கலையைப் பற்றியே யாரோ எழுதிய சிறுகதை போல இருக்கிறது.

அதன் பிறகு ஏறுமுகந்தான். 1920-இல் ‘தி பெனால்டி’ படத்தில் இரு கால்களையும் இழந்தவனாக வந்தார். முழங்காலை மடித்துத் தொடையோடு வாரினால் இறுகக் கட்டி, முழங்காலின் மேல் நடந்தார். சில நிமிஷங்களுக்கு மேல் தாங்காது. அவிழ்த்து ரத்தம் ஓடவிட்டு மறுபடி கட்டிக்கொள்வார். 1923-இல் விக்டர் ஹ்யூகோவின் நாவலைப் படமாக்கியபோது நோத்ர தாம் கோயிலில் மணி அடிக்கும் கூனனாக நடித்தார். கூனின் எடை 70 ராத்தல் என்று விளம்பரக்காரர்கள் எழுதினார்கள். உண்மை அதைவிட மிகக் குறைவு. விளம்பரக்காரர்கள் கூனைத் தூக்கிப் பார்த்தார்களே தவிர அவனுடைய காதைப் பார்க்கவில்லை. அந்தக் கூனன் செவிடன். மணியோசையே அவன் காதைக் கெடுத்துவிட்டது. இருந்தாலும் அந்த மணிகளின்மேல்தான் அவனுக்குப் பிரியம். ஊர் கூடிக் கேலி செய்கிறபோது என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்காமல், முகங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிற பார்வை ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. மெழுகாலும் சாயத்தாலும் அதைச் செய்ய முடியாது. கடைத்தெருவில் தம் பெற்றோர் அப்படிப் பார்த்ததை அவர் சிறுவயதில் எத்தனையோ தடவை கண்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1925-இல் வந்ததுதான் நான் அன்றிரவு பார்த்த படம். பாரிஸ் நகரத்துச் சங்கீத மண்டபத்தின் பாதாளத்தில் முகமூடியோடு வாழும் ஒரு மனிதன், ஒரு பாடகியைக் காதலித்து அங்கே கொண்டுபோய் வைக்கிறான். அவன் வாத்தியத்தின் முன் அமர்ந்து வாசிக்கும்போது, அவள் பின்னால் வந்து முகமூடியைச் சட்டென்று இழுத்துவிடுகிறாள். அந்த முகத்தை அவளுக்கு முன் நாம் பார்த்துவிடுகிறோம். மூக்கில்லாத மண்டையோட்டு முகம். அவன் திரும்பிய பிறகுதான் அவள் பார்க்கிறாள். பயங்கரத்துக்காகவே அந்தக் காட்சியைப் புகழ்வார்கள். எனக்கு மனத்தில் நின்றது வேறு. அவளைச் சுட்டி நீளும் அந்தக் கையில் கோபத்தோடு ஓர் அவமானமும் இருக்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாயே என்று கதறும் கை அது.

இந்த முகங்களையெல்லாம் அவரே செய்துகொண்டார். மெழுகு, பஞ்சு, பிசின், மெல்லிய கம்பி, வண்ணக் குழம்பு, இவ்வளவுதான் மூலதனம். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 1929-ஆம் வருஷப் பதிப்பில் ஒப்பனை பற்றிய கட்டுரையை எழுதும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். நான்காம் வகுப்போடு நின்றவருக்குக் கிடைத்த கௌரவம் அது! காலடியில் ஒரு சிலந்தி ஓடினால், ‘மிதித்துவிடாதே, லான் சேனியாக இருக்கும்’ என்று அமெரிக்கர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பிரசித்தியாகிவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புகழ்வதற்கில்லை. ‘மிஸ்டர் வூ’ போன்ற படங்களில் கண் இமையை இழுத்து ஒட்டிக்கொண்டு சீனராக நடித்தார். அதே படத்தில் அன்னா மே வாங் என்ற சீன வம்சத்து நடிகைக்குத் துணை வேஷம்தான் கிடைத்தது. அந்தக் காலத்து ஹாலிவுட்டின் நியாயம் அப்படி. இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. உடற்குறை உள்ளவனை வில்லனாக்குகிற கதைகளும் அவற்றில் அதிகம். ஆனால் சேனி ஒரு காரியம் செய்தார். கதை அந்த மனிதனை அரக்கன் என்று சொன்னாலும், அவன் யாரையோ நேசித்து ஏமாந்தவன் என்பதை முகத்தில் சொல்லிவிடுவார். கதாசிரியர் எழுதாத பக்கம் ஒன்றை அவர் எழுதிச் சேர்த்துவிடுவார்.

அவருடைய படங்களில் என்னை மிகவும் கலக்கியது 1927-இல் வந்த ‘தி அன்நோன்’. டாட் பிரவுனிங் என்ற டைரக்டரோடு அவர் செய்த படங்களில் ஒன்று. சர்க்கஸில் கையில்லாதவனாக வேஷம் போட்டுக் காலால் கத்தி வீசும் ஒருவன். உண்மையில் அவனுக்குக் கைகள் உண்டு. குற்றவாளியாதலால் மறைத்துக் கட்டியிருக்கிறான். ஆண்கள் கைபட்டாலே அருவருக்கும் ஒரு பெண்ணை அவன் காதலிக்கிறான். அவளுக்காகத் தன் இரண்டு கைகளையும் நிஜமாகவே வெட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். வந்து பார்த்தால் அவளுடைய அருவருப்புத் தீர்ந்துவிட்டது; வேறொருவனுடைய கைகளுக்குள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்! அந்தச் செய்தியை அவன் கேட்கும் நேரத்தில் காமிரா சேனியின் முகத்தை விட்டு நகர்வதில்லை. முதலில் சிரிப்பு, சிரிப்பு நீள்கிறது, நீண்டு எப்போது அழுகையாயிற்று என்று நம்மால் சொல்ல முடியவில்லை. காலால் செய்யும் சில வித்தைகளுக்குப் பிறவியிலேயே கையில்லாத ஒருவர் உதவினார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு யாரும் உதவியிருக்க முடியாது. கைகளையே மொழியாகக் கொண்டு வளர்ந்தவர், கைகளை இழந்தவனாக நின்று முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

அதே 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியாயிற்று. திரையில் பாட்டுக் கேட்டது, பேச்சுக் கேட்டது. உலகம் ஆனந்தக் கூத்தாடியது. அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்தது.

அதுவரையில் அமெரிக்காவில் காது கேளாதவர்கள் சினிமாவுக்குப் போனால் மற்றவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நடிப்பைக் கண் பார்க்கும். மீதியை எழுத்து அட்டைகள் சொல்லும். அதே காசு, அதே சிரிப்பு, அதே கண்ணீர். நாடகத்திலும் பிரசங்கத்திலும் கச்சேரியிலும் இல்லாத சமத்துவம் அந்த இருட்டுக் கொட்டகையில் இருந்தது. பேச்சு வந்ததும் எழுத்து அட்டைகள் போய்விட்டன. அவர்களுக்கு முன்னால் ஜனங்கள் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்கள். எமர்ஸன் ரொமேரோ என்ற நடிகர் காது கேளாதவர். மௌனப் படங்களில் நடித்துவந்தார். பேசும் படத்தில் அவருக்கு இடமில்லை. வெகு காலம் கழித்து, 1947-இல், படச்சுருளை இடையிடையே வெட்டி எழுத்து அட்டைகளைச் செருகி, தம் போன்றவர்களுக்காகப் படங்களைத் திருத்தும் முயற்சியில் அவர் இறங்கினார். காது கேளாதவர்களுக்கு எழுத்துகள் சேர்த்த படங்களைக் கடனாகக் கொடுப்பதற்கு அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது 1958-இல்தான். முப்பது வருஷம்! ஒரு தலைமுறை முழுதும் கொட்டகை வாசலுக்கு வெளியே நின்றது.

சேனி பேசும் படத்தில் நடிக்கச் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. சக நடிகர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கிய பிறகும் அவர் மௌனமாகவே இருந்தார். கடைசியில், 1925-இல் தாம் நடித்த ‘தி அன்ஹோலி த்ரீ’ என்ற படத்தையே 1930-இல் பேசும் படமாக மறுபடி எடுக்க இசைந்தார். அதில் அவர் குரல் மாற்றிப் பேசும் வித்தைக்காரர். கிழவி வேஷத்தில் கிளி விற்பவர். ஆயிரம் முகக்காரருக்கு ஆயிரம் குரலும் உண்டு என்று காட்ட வேண்டுமல்லவா? வித்தைக்காரன், கிழவி, பொம்மை, கிளி, கூட்டத்தில் ஒரு பெண் என்று ஐந்து குரல்களில் பேசினார். அவை தம் குரல்களே என்று பிரமாண வாக்குமூலமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1930 ஜூலையில் படம் வெளிவந்தது. ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. இனி இவரும் பேசிப் பிழைத்துக்கொள்வார் என்று ஹாலிவுட் நிச்சயம் செய்தது.

ஆனால் அவருக்குள் புற்றுநோய் முற்றிக்கொண்டிருந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. கடைசி நாட்களில் அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. அப்போது அவர் தமக்குத் தெரிந்த முதல் மொழிக்குத் திரும்பினார். படுக்கையில் கிடந்தபடியே, தாயோடு பேசிய அந்தச் சைகை மொழியில் கைகளால் பேசினார். 1930 ஆகஸ்ட் 26-ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 47. பேசும் படம் வெளிவந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை.

மகன் கிரைட்டன் நடிகனாகித் தகப்பன் பெயரையே பின்னால் ஏற்றுக்கொண்டான். லான் சேனி ஜூனியர் என்ற பெயரில் 1941-இல் ‘தி வுல்ஃப் மேன்’ படத்தில் புகழ் பெற்றான். தகப்பனார் நடித்த 150-க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் கடைசிப் பிரதியும் 1965-இல் கிடங்கு தீப்பிடித்தபோது எரிந்து போயிற்று. கலிஃபோர்னியாவில் கிளெண்டேல் மயானத்தில் அவர் உடல் வைக்கப்பட்ட இடத்தில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. ஆயிரம் முகம் கொண்டவருக்கு எந்த முகத்தின் பெயரைப் பொறிப்பது?

கதையை எழுதி முடித்த பின் வீட்டில் படித்துக் காட்டினேன். “பாவம், கடைசியில் பேச முடியாமலா போனார்?” என்று கேட்டார்கள். அப்படியில்லை என்று சொன்னேன். படுக்கையில் கிடந்த தாய்க்கு உலகத்தையே கைகளால் கொண்டுவந்து கொடுத்த பிள்ளை அவர். ஊர் முழுவதும் அந்தத் தாயை ஊமை என்றுதான் சொல்லியிருக்கும். மகனுக்கு மட்டும் தெரியும், அவள் ஊமையல்ல என்று.

அதற்குப் பிறகு நான் ‘ஊமைப் படம்’ என்று சொல்வதை விட்டுவிட்டேன்.